மலையேறிய மக்களும் மஞ்சட்காமாலையும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்கள் எந்த அரசனுக்கு இறை செலுத்தினர், எந்தக் கோயிலைக் கட்டினர், எந்த மொழியைப் பேசினர் என்று வினவுவர். அவர்கள் எந்த ஊற்றின் நீரைப் பருகினர், அந்த ஊற்றுக்கு மேலே குடியிருந்தவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலரே. நம் காலனியில் வாழும் குடும்பங்களுள் பல, பாலக்காட்டின் கீழ்த்திசை எல்லையையோ, மூணாறு, தேவிகுளம், பீர்மேடு முதலிய இடுக்கி மலைகளையோ தம் பூர்வீகமாகக் கொண்டவை. ஆதலின், அவ்விரு நிலப்பகுதிகளின் வரலாற்றை நீரின் வழியாகவும், நீரின்வழிப் பரவும் ஒரு நோயின் வழியாகவும் நோக்குதல் இம்மலருக்குப் பொருந்தும் என எண்ணினோம்.

அந்நோய் மஞ்சட்காமாலை. அதிலும், மருத்துவர் 'ஹெப்பாடைட்டிஸ் ஏ' என்று பெயரிட்டு வழங்கும் வகை. ஊரிலிருந்து வரும் செய்திகளில், கல்லூரியிற் படிக்கும் பையனுக்குக் காமாலை, மணமாகிச் சென்ற பெண்ணுக்குக் காமாலை என்ற சொற்கள் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றன. முதியோர் இதைக் கேட்டு வியக்கின்றனர். 'ஓடைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எங்களுக்கு வராத நோய், குழாயும் கக்கூசும் வந்த பிறகு பேரப்பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது?' என்பது அவர்கள் வினா. இவ்வினா எளிதன்று, இதற்கு விடை காண வேண்டின் நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்பகுதி தொன்றுதொட்டே இரு மொழியும் கலந்து வழங்கிய நிலம். பாலக்காடு ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அதை அடுத்த சிற்றூர் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் முதலிய ஊர்களில் இன்றும் தமிழ் ஒலிக்கக் கேட்கலாம். இடுக்கி மலைகளின் வரலாறு வேறு. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை உரிமையாகப் பெற்றார். 1880-இல் அங்குத் தேயிலை நடப்பட்டது; 1897-இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி தோன்றியது. மலை இருந்தது, மழை இருந்தது, முதலும் இருந்தது. உழைக்கும் கைகள் மட்டும் இல்லை. அக்கைகளை மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் முன்பணம் கொடுத்துத் திரட்டினர். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாகக் கால்நடையாய் மலையேறிய அம்மக்களே நம்முட் பலருக்கு முன்னோர்.

அவர்களுக்குக் கட்டித்தரப்பட்ட குடியிருப்பு 'லயம்' எனப்பட்டது. 'லைன் வீடு' என்பாரும் உளர். ஒரே கூரையின்கீழ்ச் சங்கிலி கோத்தாற்போல் அமைந்த அறைகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை, ஒரு சிறு அடுப்படி, முன்புறம் ஒரு திண்ணை. லயத்துக்கு இடம் தேர்ந்தவர்கள் தேயிலைக்கு உதவாத சரிவையும், நீருக்கு அருகையும் பார்த்தே தேர்ந்தனர். மேல் லயத்தாரின் துணி வெளுப்பும் கால் கழுவலும் நிகழ்ந்த அதே ஓடையில் கீழ் லயத்தார் குடம் முக்கினர். காலைக் கடனுக்குத் தேயிலைச் செடிகளின் மறைவே இடம். மழை பெய்தால் அனைத்தும் ஓடைக்கே வந்து சேரும். மூணாற்றுப் பக்கம் மழை எவ்வளவு பெய்யும் என்பதை அறிந்தோர்க்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை. 1924-ஆம் ஆண்டு ஜூலையில் வந்த பெருவெள்ளம் மூணாற்று ரயில் பாதையையே அடித்துச் சென்றது.

அந்நாளில் மலேரியாவும் காலராவும் மக்களை வாரிக் கொண்டு போயின. தோட்ட நிர்வாகத்தார் அவற்றைக் கணக்கிட்டனர். கொக்கிப்புழுவையும் கணக்கிட்டனர். 1920களின் இறுதியில் திருவிதாங்கூர் அரசு ராக்கபெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியபோது, கழிப்பிடம் கட்டுதல் என்பது முதன்முறையாக அரசாங்கத்தின் கவலையாயிற்று. தொழிலாளியின் இரத்தம் குறைந்தால் பறிக்கும் கொழுந்தும் குறையும் என்பதைத் தோட்ட முதலாளிகளும் அறிந்திருந்தனர். அவர்களுடைய கருணை கணக்குப் புத்தகத்தின் வழியே வந்தது என்று நாம் கூறினால் அது மிகையன்று. ஆயின், காமாலையை எவரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. கணக்கிடும் அளவுக்கு அது கண்ணிற் படவில்லை என்பதே காரணம்.

இங்குதான் முதியோர் வினாவுக்குரிய விடையின் முதற்பாதி இருக்கிறது. இந்நோயை உண்டாக்கும் வைரஸ், நோயுற்றவர் மலத்தின் வழியாக வெளிப்பட்டு, நீர், உணவு, கழுவாத கை ஆகியவற்றின் வழியாக அடுத்தவர் வாயை அடைகிறது. உள்ளே புகுந்தபின் நோய் வெளிப்பட இரண்டு முதல் நான்கு வாரங்கள், சில வேளை ஏழு வாரங்கள் ஆகலாம். கண் மஞ்சளாவதற்கு ஓரிரு வாரம் முன்னரே மலத்தில் கிருமி மிகுதியாக வெளியேறத் தொடங்கிவிடும். நோய் என்று அறியுமுன்பே பரப்பியாகிவிடுகிறது. இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை இக்கிருமி பற்றினால், பத்தில் ஏழு குழந்தைகளுக்கு நோயின் குறியே தோன்றாது. கண் மஞ்சளாகும் குழந்தைகள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. ஒரு நாள் வயிற்றுப்போக்கு, இரு நாள் காய்ச்சல், பிறகு பழைய விளையாட்டு. ஒருமுறை பற்றிப் போய்விட்டால் வாழ்நாள் முழுவதும் மீண்டும் அணுகாது. அதே கிருமி வளர்ந்தவர் உடலிற் புகுந்தாலோ, பத்தில் ஏழு பேருக்கு மேல் மஞ்சள் படர்ந்து படுக்கையில் வீழ்வர். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

ஆகவே, ஓடைத் தண்ணீர் குடித்த லயத்துக் குழந்தைகள் நோயின்றி வளர்ந்தனர் என்பது பிழை. அவர்கள் தவழும் பருவத்திலேயே இக்கிருமியைப் பெற்று, பெயரறியாமலே அதனைக் கடந்தனர். அந்த ஓடை அவர்களைக் காத்தது என்று எவரேனும் வாதிடுவாராயின், அதே ஓடை காலராவாலும் சீதபேதியாலும் எத்தனை தொட்டில்களை வெறுமையாக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மக்கள் வாழும் நிலைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் போர்க்களத்தில் கண்டது. 1942-இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், எல் அலமேன் போரில் நின்ற நியூசிலாந்துப் படையினருள் பெருந்தொகையினர் காமாலையால் வீழ்ந்தனர். தூய நீர் பருகி வளர்ந்த இளைஞர்கள் அவர்கள். இளமையில் இக்கிருமியைக் காணாதவர்கள். போர் முடிந்தபின் 1947-இல் மக்கல்லம் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர், உணவாலும் நீராலும் பரவும் காமாலைக்கு 'ஏ' என்றும், இரத்தத்தாற் பரவுவதற்கு 'பி' என்றும் பெயரிட்டார். 'ஏ' வகைக் கிருமியைக் கண்ணாற் காண்பதற்கு மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது; 1973-இல் ஃபைன்ஸ்டோன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதனைக் கண்டனர்.

நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு பெருநிகழ்ச்சி உண்டு. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் தலைநகர் தில்லியில் காமாலை கொள்ளைநோயாகப் பரவி, ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் படர்ந்தது. யமுனை தன் போக்கை மாற்றியதனால், நஜப்கர் கால்வாயின் கழிவுநீர், வசீராபாத்தில் குடிநீர் இறைக்கும் இடத்துக்கே பின்னோக்கி வந்து சேர்ந்தது. பொறியாளர் குளோரினைக் கூட்டினர். அதனால் டைபாய்டு முதலியவை பரவாமல் நின்றன, காமாலை மட்டும் நிற்கவில்லை. அது 'ஏ' வகை என்றே பல்லாண்டுகள் பாடநூல்கள் எழுதின. ஆயின், பாதுகாத்து வைத்திருந்த அந்நாளைய இரத்தத்தை 1980-இல் ஆராய்ந்தபோது, அது 'ஏ' அன்று எனத் தெளிந்தது. பின்னர் அது 'இ' எனப் பெயர் பெற்றது. தில்லியின் வளர்ந்த மக்கள் ஏறக்குறைய அனைவரும் குழந்தைப் பருவத்திலேயே 'ஏ' கிருமியைக் கண்டுவிட்டிருந்தமையால், அது அவர்களிடையே கொள்ளைநோயாக எழ இடமே இருக்கவில்லை. நம் லயத்து முதியோரின் நிலையும் அதுவே.

இனி விடையின் மறுபாதி. சுதந்திரத்துக்குப்பின் நிலை மாறத் தொடங்கியது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பிடம், வீடு, மருத்துவமனை ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. 1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பது பற்றிப் பெருங்கிளர்ச்சி நடந்தது. தண்ணீர்க் குழாய் எங்கே இருக்க வேண்டும் என்பது பற்றி அத்தகைய கிளர்ச்சி நடக்கவில்லை என்பதை வருத்தத்துடன் குறிக்கிறோம். எனினும் மெல்ல மெல்லக் குழாய்கள் வந்தன, பள்ளிகள் வந்தன, கழிப்பிடங்கள் வந்தன. 2016 நவம்பரில் கேரளத்தின் ஊர்ப்புறம் முழுவதும் திறந்தவெளிக் கழிப்பு நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. இது பெரும் பேறு. குழந்தை இறப்பு நாட்டிலேயே மிகக் குறைந்த மாநிலங்களுள் ஒன்றாகக் கேரளம் விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், இப்பேற்றின் நடுவே ஓர் இடைவெளி தோன்றியது. குழந்தைகள் இளமையில் கிருமியைக் காணாமல் வளர்கின்றனர். வளர்ந்தபின் அதனை எதிர்க்கும் வலிமை அவர்களிடம் இல்லை. கிருமியோ முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள நாடு கேரளம்; இப்போது வீட்டுக்கு வீடு மலக்குழியும் உண்டு. ஐந்து சென்ட், மூன்று சென்ட் மனைகளில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன. குழிக்கும் கிணற்றுக்கும் ஏழரை மீட்டர் இடைவெளி வேண்டுமென்று கட்டட விதி கூறுகிறது. பதினைந்து மீட்டர் வேண்டுமென்று சுகாதார நூல்கள் கூறுகின்றன. பக்கத்து மனைக்காரரின் குழி எங்கே இருக்கிறது என்பதை எந்த விதி கேட்கும்? துளை மிகுந்த வெட்டுக்கல் மண்ணில் மழைக்காலத்து நீர் எளிதாக ஊடுருவும். முன்னாளில் மலம் நிலத்தின்மேல் கிடந்தது. இந்நாளில் நிலத்தின்கீழ் கிணற்றை நோக்கிச் செல்கிறது.

சுத்தம் பாதி வந்து பாதி வாராத இந்நிலையே இந்நோய்க்கு மிகவும் உகந்தது என்பதை உலக அனுபவம் காட்டுகிறது. 1988-இன் தொடக்கத்தில் சீனத்து ஷாங்காய் நகரில், கழிவுநீர் கலந்த கடலில் எடுத்த சிப்பிகளை வேகாமல் உண்டதனால் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் 'ஏ' வகைக் காமாலையால் வீழ்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். கேரளத்தில் 2004-2005-இல் கோட்டயத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இந்நோய் பற்றியபோது, பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் இளைஞராகவே இருந்தமை ஆய்வாளர் கருத்தைக் கவர்ந்தது. 2024-இல் பெரும்பாவூரை அடுத்த வேங்ஙூரில் பொதுக் குடிநீர் வழங்கலின் வழியே பரவி, இருநூற்றுக்கும் மேற்பட்டோரைப் படுக்கையில் தள்ளிச் சில உயிர்களையும் கவர்ந்தது.

பாலக்காட்டுக் கீழ்ப்பகுதிக்கு வருவோம். அங்கே இடுக்கியைப்போல் நீர் பெருகி ஓடவில்லை; மழைமறைவு நிலமாதலின் நீர் குறைவே இடர். நீர் குறைந்த இடத்தில் கை கழுவுவது குறையும். லாரியில் வரும் நீர் எங்கிருந்து மொண்டது என்று கேட்க எவருக்கும் மனம் வாராது. சிற்றூர் வட்டத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில், பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கொக்ககோலா ஆலையைச் சுற்றிக் கிணறுகள் கெட்டன என்று கூறி, எரவாளர், மலசர் முதலிய பழங்குடி மக்கள் 2002-இல் போராட எழுந்ததும், 2004-இல் ஆலை நின்றதும் நாடறிந்த செய்தி. மயிலம்மா என்னும் பழங்குடிப் பெண்மணி அப்போராட்டத்தின் முகமாக விளங்கினார். அக்கதை காமாலைக் கதையன்று. ஆயினும், கிணறு கெட்ட ஊரார் தொலைவிலிருந்து குடத்திற் சுமந்துவந்த நீரைப் பல நாள் தேக்கி வைத்துப் பருகும் நிலை, இத்தகைய நோய்கள் அனைத்துக்கும் வாயில் திறப்பதாகும்.

மலைமேல் லயங்களின் நிலை என்ன? நூறாண்டுக்கு முன் ஒரு குடும்பத்துக்கென அளந்த அறையில் இன்று பல இடங்களில் மூன்று தலைமுறையினர் முடங்குகின்றனர். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில், இருபது விழுக்காடு போனசு கேட்டுத் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்தபோது, கூலியோடு லயத்தின் அவலமும் நாட்டின் செவிக்கு எட்டியது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி எழுபது பேர் மாண்டனர். ஏறக்குறைய அனைவரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். லயம் எங்கே கட்டப்பட்டது என்ற பழைய வினா அன்று மீண்டும் எழுந்தது.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு சொல். 'ஏ' வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிவது. ஆதலின் அந்நாட்களில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் அம்மருந்துக்கே புகழ் சேரும். மூலிகையை நாம் இழித்துரைக்கவில்லை. ஆனால் வாந்தி நில்லாமலும், நினைவு தடுமாறியும் கிடப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் பத்தியம் காத்துக்கொண்டிருத்தல் உயிருக்கே கேடாகும்.

மற்றொன்று, நம் வீடுகளில் அன்றாடம் நிகழ்வது. மலையாள நாட்டின் வழக்கப்படி சீரகமோ பதிமுகமோ இட்டுக் கொதிக்க வைத்த நீரை விருந்தினர்க்கு அளிக்கிறோம். அது சுடுகிறதென்று அரைச் செம்பு பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றி ஆற்றுகிறோம். நிறம் சிவப்பாக இருப்பதனால் அது கொதித்த நீர் என்றே பருகுபவர் நம்புவர். கல்யாணப் பந்தல்களில் வரவேற்புக்கென அளிக்கும் சர்பத்தும் அதில் மிதக்கும் பனிக்கட்டியும் இவ்வாறே. நீர் நன்கு கொதித்துத் தானாக ஆறுதல் வேண்டும். வெறுமனே சூடேறிய நீரில் இக்கிருமி சாவதில்லை. கிணற்றுக்கு ஆயிரம் லிட்டர் நீருக்கு இரண்டரை கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே இறைக்க வேண்டும். நோய் பரவும் காலத்திலும் வெள்ளத்துக்குப் பின்னும் இவ்வளவு போதாது. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளம் வடிந்தபின் கேரளத்துக் கிணறுகளை இதனினும் மிகுந்த அளவிட்டே தூய்மை செய்தனர்.

நம் காலனிக் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. இங்குக் குழாய் நீரும் வடிகட்டி நீரும் பருகி வளரும் நம் பிள்ளைகள், 1942-இல் பாலைவனத்துக்குச் சென்ற அப்படையினரின் நிலையில் உள்ளவர்கள். கோடை விடுமுறைக்கும், சிற்றூர்க் கொங்கன்படைத் திருவிழாவுக்கும் ஊர் செல்கையில், பாட்டி வீட்டுக் கிணறு பாட்டிக்கு ஒன்றும் செய்யாது; பேரனுக்குச் செய்யும். தடுப்பூசி 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஓராண்டு நிறைந்த குழந்தைக்கு அதனை இடலாம். உயிர் நீக்கிய கிருமியாலான ஊசி எனில் ஆறு மாத இடைவெளியில் இரு தவணை. வலிமை குறைத்த கிருமியாலானது எனில் ஒரு தவணை. குழந்தை மருத்துவர் சங்கம் இதனைப் பரிந்துரைத்துள்ளது. விலை சற்று மிகுதியே. லயத்தில் வாழும் நம் உறவினருக்கு அது ஒரு வாரக் கூலிக்கு மேல் ஆகலாம். ஊர்ப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னர் நம் பிள்ளைகளுக்கு ஊசியிட எண்ணும்போது, ஊரிலுள்ள தம்பி பிள்ளைகளையும் எண்ணுதல் தகும்.

இன்று மூணாற்றிலும் நெல்லியாம்பதியிலும் தமிழர் விட்டுப்போன லயங்களில் ஜார்க்கண்டு, அசாம் முதலிய நாட்டுப்புறங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடியிருக்கின்றனர். 'நோயைக் கொண்டு வந்தவர்கள் இவர்களே' என்ற பேச்சு மலையிலும் சமவெளியிலும் எழுகிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம் முன்னோரை, காலராவும் பிளேக்கும் கொண்டு வருவரென அஞ்சி, மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைத்திருந்து அனுப்பினர் என்பதை நாம் மறப்பதற்கில்லை. அத்தொழிலாளருள் வளர்ந்தவர் பெரும்பாலும் தம் ஊரிலேயே, குழந்தைப் பருவத்திலேயே இக்கிருமியைக் கடந்திருப்பர். லயத்தின் நீர் கெட்டால் மஞ்சள் படர்ந்து வீழ்பவர் அவர்களைவிட அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களே. அவர்கள் வரும்போது எந்த அறை, எந்தக் குழாய், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பிடம் என்று முடிவு செய்வது அவர்கள் கையில் இல்லை. 1880-இலும் அது மலையேறியவர் கையில் இருக்கவில்லை.